400 திர்ஹம் அனுப்ப 20 திர்ஹம்: எக்ஸ்சேஞ்ச் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

எமிரேட்ஸ்ல, ஊருக்கு காசு அனுப்பி விடுற எக்ஸ்சேஞ்ச் கடை நடத்துற முதலாளிமாருக்கும், உங்க சங்கத்துல உக்காந்து சார்ஜ் எவ்வளவுன்னு முடிவு பண்றவங்களுக்கும்,

போன மாசம் 20ஆம் தேதி ராத்திரி எட்டே முக்காலுக்கு உங்கள்ல ஒருத்தரோட கவுண்டர் முன்னாடி நான் நின்னேன். டூட்டி முடிஞ்சு பஸ்ஸ விட்டு எறங்கி குளிக்காம அப்படியே ஓடி வந்தது, ஒம்போதுக்கு ஷட்டர் போட்ருவாங்கன்னு. கையில 400 திர்ஹம் ஓவர்டைம் காசு. சார்ஜ் 20ன்னு சொன்னாங்க. நான் ஒண்ணும் பேசல, குடுத்துட்டு ஸ்லிப்ப வாங்கிட்டு வந்துட்டேன். கேம்ப்புக்கு திரும்பி நடக்குறப்ப தான் கணக்கு போட்டேன், 400க்கு 20ன்னா நூத்துக்கு அஞ்சு. எங்க ஊர்ல நூத்துக்கு அஞ்சுன்னா அது வட்டிக்காரன் கணக்கு. என் காச என் பொண்டாட்டிக்கு குடுக்குறதுக்கு யாருக்கு நான் வட்டி கட்டுறேன்னு யோசிச்சதுல இருந்து இந்த மடல் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

நான் அறந்தாங்கி பக்கம். ஏசி டக்ட் போடுற வேலை, துபாய் வந்து 11 வருசம் ஆச்சு, இருக்குறது சோனாப்பூர் கேம்ப்ல, ரூம்ல ஆறு பேரு. பேசிக் 1,100, சாப்பாட்டுக்கு 300, அதுக்கு மேல வர்றது ஓவர்டைம். சம்பளம் 5ஆம் தேதி வாக்குல விழும், ஓவர்டைம் எங்க கம்பெனில தனியா 20ஆம் தேதி. அதனால மாசம் ரெண்டு தடவ அனுப்புறேன், மொதல்ல 1,000, அப்புறம் ஒரு 400. 1,000க்கு 25, 400க்கு 20, ஆக மாசம் 45, வருசத்துக்கு 540 திர்ஹம். என் பேசிக்ல பாதி மாச காசு இது. ரூபாயில பாத்தா 12,800 சொச்சம், ஊர்ல அம்மாவோட சுகர் மாத்திரைக்கு ஒரு வருசத்துக்கு இவ்வளவு ஆகாது.

ஒண்ணா சேத்து அனுப்ப வேண்டியது தானேன்னு கேப்பீங்க. கவுண்டர்லயும் அத தான் சொல்றாங்க. சேத்து வைக்கிற எடமா சார் அது, ஆறு பேரு படுக்குற ரூம்ல ஒரு தகர அலமாரி, அதுக்கு ஒரு சைனா பூட்டு. அதுவும் இல்லாம ஊர்ல செலவு எங்க சம்பள தேதிய பாத்தா வருது? புள்ளைக்கு காய்ச்சல் 17ஆம் தேதி வரும், சீட்டு கட்ட வேண்டியது 22ஆம் தேதி வரும். மாச சம்பளத்த நம்பி இருக்குறவனுக்கு கொஞ்சம் கொஞ்சமா அனுப்புறது தான் வாழ்க்கை. பெருசா ஒரே தடவையா அனுப்ப முடியுறவனுக்கு கையில காசு மிச்சம் இருக்குன்னு அர்த்தம், அவனுக்கு தான் உங்க சார்ஜ் வலிக்காது.

2024 ஆரம்பத்துல உங்க சங்கம் சார்ஜ 15 சதம், அதாவது குறைஞ்சது 2 திர்ஹம் 50 காசு ஏத்திக்க அனுமதி வாங்குச்சு. அஞ்சு வருசமா ஏத்தல, வாடகை சம்பளம் எல்லாம் ஏறிடுச்சுன்னு காரணம் சொன்னீங்க. ஏறுனது வாஸ்தவம் தான், எங்க மெஸ் காசும் தான் ஏறுச்சு. ஆனா ஏத்துனது எங்கன்னு பாருங்க, நேர்ல கவுண்டருக்கு வர்றவனுக்கு. ஆப்ல அனுப்புறவனுக்கு அதே ரேட், இல்லன்னா கம்மி. ஆபீஸ்ல ஏசில உக்காந்து மொபைல்ல தட்டுறவனுக்கு சலுகை, வேர்த்து ஊத்தி வரிசைல நிக்கிறவனுக்கு கூடுதல். இந்த ரெண்டர திர்ஹம் உங்களுக்கு ஒரு டீ காசா இருக்கலாம், எனக்கும் அது டீ காசு தான், ரெண்டு டீ.

தெரியுற சார்ஜ் இது. தெரியாத சார்ஜ் ஒண்ணு இருக்கு, அதப் பத்தி ரூம்ல உள்ள பசங்களுக்கு சொல்லி புரிய வைக்க எனக்கு மூணு நாள் ஆச்சு. திர்ஹம் டாலரோட கட்டுன காசு, 1997ல இருந்து ஒரு டாலருக்கு 3.6725, மாறவே மாறாது. அதனால திர்ஹத்தோட நெஜ ரேட்ட கண்டுபிடிக்க பெரிய படிப்பு ஒண்ணும் வேணாம், டாலர் இன்னைக்கு எவ்வளவு ரூபான்னு பாத்து 3.6725ஆல வகுத்தா போதும். டாலர் 88ன்னு வச்சுக்கோங்க, திர்ஹம் 23.96 வரணும். போர்டுல 23.80ன்னு போட்டிருந்தா மிச்சம் 16 பைசா யாருக்கு போகுதுன்னு தனியா சொல்ல வேணாம். என் 400க்கு அது 64 ரூபா. சார்ஜ் 20 திர்ஹத்த ரூபாயாக்குனா 476. ரெண்டும் சேந்து 540 ரூபா, ஊருக்கு போக வேண்டிய 9,584 ரூபாயில. நூத்துக்கு அஞ்சே முக்கா கிட்ட வந்துருச்சு.

இதே கவுண்டர்ல என் கம்பெனி இன்ஜினியர் சார் 5,000 அனுப்புவாரு. அவருக்கு ஸ்பெஷல் ரேட், மேனேஜரே உள்ள கூப்புட்டு பேசுவாரு, 23.88 போட்டு குடுப்பாங்க. சார்ஜ் அவருக்கும் அதே 25 தான். அவருக்கு எல்லாம் சேத்து ஆயிரம் ரூபா கிட்ட போகுது, ஆனா அனுப்புறது 1,20,000 ரூபா, நூத்துக்கு ஒரு ரூபா கூட ஆகல. அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, நல்ல மனுசன். நான் கேக்குறது இது தான், ஆயிரத்து நூறு பேசிக் வாங்குறவன் இருபதாயிரம் வாங்குறவர விட ஆறு மடங்கு கூடுதலா கட்டுற இந்த கணக்க யாரு உக்காந்து போட்டா?

2030க்குள்ள வெளிநாட்டுல இருந்து வீட்டுக்கு அனுப்புற காசுக்கு செலவு 3 சதத்துக்கு கீழ வரணும், எந்த நாட்டுல இருந்து எந்த நாட்டுக்கு அனுப்புனாலும் 5 சதத்துக்கு மேல இருக்கவே கூடாதுன்னு ஐநா சபை குறிக்கோள்ல எழுதி வச்சிருக்கு. இந்தியாவுக்கு அனுப்புறது மலிவுன்னு நீங்க மீட்டிங்ல சொல்லலாம், சராசரி கணக்குல அது சரியா கூட இருக்கலாம். என் ஸ்லிப்ப மட்டும் தனியா எடுத்து பாருங்க.

எங்க சித்தப்பா சவூதில இருந்தவரு, தொண்ணூறுகள்ல. அவர் காலத்துல டிராஃப்ட் எடுத்து, அத கடுதாசிக்குள்ள மடிச்சு வச்சு ரிஜிஸ்தர் போஸ்ட்ல அனுப்புவாரு, வீடு வந்து சேர பதினஞ்சு இருவது நாள், அப்புறம் சித்தி அத பேங்க்ல போட்டு கலெக்சன் ஆகி வர இன்னும் பத்து நாள். அப்ப ஒரு டிராஃப்ட்டுக்கு இவ்வளவுன்னு நிரந்தர சார்ஜ் வாங்குனதுல நியாயம் இருந்துச்சு, காகிதம், கையெழுத்து, ஆள் கூலி, அது நூறு ரியாலா இருந்தாலும் ஆயிரமா இருந்தாலும் ஒரே வேலை. இப்ப என்ன நடக்குது? உங்க ரூபா கணக்கு இந்தியாவுல ஒரு பேங்க்ல இருக்கு, நான் காச கட்டுன உடனே இங்க இருந்து ஒரு மெசேஜ் போகுது, அங்க இருக்குற ரூபால இருந்து நெஃப்ட்லயோ ஐஎம்பிஎஸ்லயோ என் பொண்டாட்டி அக்கவுண்டுக்கு போட்டுறாங்க. நெஃப்ட் 2019 டிசம்பர்ல இருந்து ராத்திரி பகல் லீவு நாள் எல்லாம் ஓடுது. கடல தாண்டி நெஜமா ஒரு நோட்டு கூட போகல. வேலை எல்லாம் கம்ப்யூட்டருக்கு போயிருச்சு, சார்ஜ் மட்டும் அந்த டிராஃப்ட் காலத்து மாதிரியே நிக்குது, நிக்கவும் இல்ல, ஏறுது.

சரி, ஆப் கதைக்கு வர்றேன். கவுண்டர்ல இருக்குற தம்பி, அவனும் எங்கள மாதிரி சம்பளத்துக்கு வந்தவன் தான், அவன் மேல குத்தம் இல்ல, "அண்ணே ஆப்ல போடுங்கண்ணே, கம்மியா வரும்"னு ஒவ்வொரு தடவையும் சொல்றான். போட்டு பாத்தேன். என்கிட்ட பேங்க் அக்கவுண்ட் கிடையாது, எங்க சம்பளத்துக்கு எல்லாம் பேங்க்காரன் அக்கவுண்ட் தர மாட்டான், கம்பெனி குடுத்த சேலரி கார்டு தான். அந்த கார்ட ஆப் எடுக்கல. அப்ப என்ன பண்ணணும், ஏடிஎம்ல காச எடுக்கணும், வேற ஏடிஎம்னா அதுக்கு 2 திர்ஹம், எடுத்து கவுண்டர்ல கட்டணும். ரூம்ல இருக்குற இன்னொருத்தனுக்கு கார்டு எடுத்துச்சு, ஆனா அவனோட பத்தாக்கா, அதான் எமிரேட்ஸ் அடையாள அட்டை, முடிஞ்சு கம்பெனி ரினீவல் போட்டு இழுத்துக்கிட்டு இருந்த ஒன்றர மாசம் ஆப் பூட்டிக்கிச்சு. இன்னொருத்தன் நம்பர் மாத்திட்டான், பழைய நம்பருக்கு ஓடிபி போகுது. எங்க கேம்ப் பெரியவர் ஒருத்தர், 54 வயசு, கம்பி கட்டுற ஸ்டீல் ஃபிக்சர், இங்கிலீஷ் தெரியாது, இந்தி பேசுவாரு படிக்க தெரியாது. அந்த ஆப்ல இந்தி இருக்கு, உருது இருக்கு, மலையாளம் இருக்கு, தமிழ காணோம். அவர் போன யாராச்சும் சின்ன பையன் கையில குடுத்து பின் நம்பரையும் சத்தமா சொல்லி அனுப்ப சொல்றாரு. இதுக்கு பேரு தான் டிஜிட்டலா?

இப்ப நான் சொல்லப் போறது தான் இத்தன நாள் பொறுத்துட்டு இருந்த என்ன எழுத வச்சது. ஊர்ல பொண்டாட்டி நகை பேங்க்ல அடகுல இருக்கு. வருசம் முடியுது, வட்டிய கட்டி திருப்பி வைக்கலன்னா ஏலம்னு நோட்டீஸ் வந்துருச்சு. நான் 900 திர்ஹம் கடன் ஒடன் வாங்கி அனுப்புனேன். ரெண்டு நாள் ஆச்சு விழல. மூணாவது நாள் போய் கேட்டா "பிராசஸ்ல இருக்கு". அஞ்சாவது நாளும் அதே பதில். ஒம்போதாவது நாள் போன் பண்ணி சொல்றாங்க, பேரு பொருந்தலையாம், காசு திரும்பி வந்துருச்சாம்.

பேரு எப்படி பொருந்தும்? எங்க ஊர்ல யாருக்கு சார் லாஸ்ட் நேம் இருக்கு? எங்களுக்கு இருக்குறது ஒரு இனிஷியல். பொம்பளைக்கு கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல், அப்புறம் புருசன் இனிஷியல். பாஸ்புக் கல்யாணத்துக்கு முன்ன தொறந்தது, அதுல மாமனார் எழுத்து. ஆதார்ல என் எழுத்து. உங்க ஃபார்ம்ல லாஸ்ட் நேம் கட்டாயம், காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது, அதனால புதுசா வந்த பையன் என் பேர லாஸ்ட் நேமா அடிச்சுட்டான். அதுக்கு முன்னாடி நாலு வருசம் அதே அக்கவுண்டுக்கு தான் போய்ட்டு இருந்துச்சு, அக்கவுண்ட் நம்பரும் ஐஎஃப்எஸ்சியும் சரியா இருக்கு, ஒரு நாள் திடீர்னு பொருந்தலன்னா என்ன அர்த்தம்.

காச திருப்பி குடுக்குறப்ப தான் இன்னொரு வேடிக்க. நான் வாங்குன ரேட்டு வேற, அவங்க திரும்ப எடுத்துக்குற ரேட்டு வேறயாம், ரூபால இருந்து திர்ஹமா மாத்துறதாம். 900 குடுத்தவனுக்கு 889 தான் கையில வந்துச்சு. சார்ஜும் திரும்ப கெடையாது. மறுபடி அனுப்ப மறுபடி சார்ஜ். அந்த ஒம்போது நாள்ல பொண்டாட்டி நகைய காப்பாத்த வெளிய 20,000 வாங்கிட்டா, நூத்துக்கு அஞ்சு, ஒம்போது நாளா இருந்தாலும் ஒரு மாசம் கணக்கு தான், ஆயிரம் ரூபா. நகை தப்பிச்சுது. எந்த கடை எந்த பேங்க்னு நான் சொல்லப் போறதில்ல, ஏன்னா ஒருத்தர மாட்டி விடுறதுக்கு இத எழுதல, இது எங்க கேம்ப்ல எனக்கு மட்டும் நடந்ததும் இல்ல. பேங்க் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்தப்ப ஐஎஃப்எஸ்சி மாறி எத்தன பேரு காசு இப்படி போய் போய் திரும்பி வந்துச்சுன்னு உங்க கவுண்டர் பசங்கள கேளுங்க.

இந்த மாதிரி ஆனா ஆளுங்க என்ன பண்றாங்க தெரியுமா? நாலு பேரு காச சேத்து ஒருத்தன் பேர்ல அனுப்புறாங்க, சார்ஜ் மிச்சம். அப்புறம் அவன் சம்பளம் 1,400, அனுப்புறது 4,500ன்னு உங்க கம்ப்யூட்டர் சிவப்பு லைட் போடுது, அவன கூப்புட்டு காசு எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்குறீங்க. அவன் பயந்து போய் அடுத்த மாசம் கவுண்டர் பக்கமே வர்றதில்ல. வேற வழி தன்னால ரூமுக்கே வரும். சார்ஜ் இல்ல, போர்டு ரேட்ட விட பத்து பைசா கூட, ஒரு மணி நேரத்துல ஊர்ல ஒருத்தன் பைக்ல வந்து கதவ தட்டி குடுத்துட்டு போவான், இனிஷியல் கேக்க மாட்டான். அது சட்ட விரோதம், மாட்டுனா இங்கயும் கேஸ் அங்கயும் கேஸ், காச அமுக்கிட்டா கேக்க நாதி இல்ல, நான் போனதில்ல யாரையும் போக சொன்னதும் இல்ல. ஆனா அந்த ஆளுக்கு கஸ்டமர் புடிச்சு குடுக்குறது நீங்க தான்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்ல ஆள் வேணும்ல.

என் மச்சான் சிங்கப்பூர்ல இருக்கான், கட்டட வேலை தான் அவனும். அங்க போன்ல காசு அனுப்புற பேநவ்வையும் நம்ம யுபிஐயையும் 2023 பிப்ரவரி 21ல இணைச்சாங்க, இந்தியன் பேங்க், ஐஓபி எல்லாம் ஆரம்பத்துலயே அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. அவன் டார்மெட்டரி கட்டில்ல படுத்துக்கிட்டே தங்கச்சிக்கு அனுப்புறான், அவ போன்ல டிங்குன்னு சத்தம் கேக்குது. அதே 2023 ஜூலைல அபுதாபில நம்ம ரிசர்வ் வங்கியும் இங்க உள்ள மத்திய வங்கியும் யுபிஐய இங்க உள்ள சிஸ்டத்தோட இணைக்க கையெழுத்து போட்டாங்க, பேப்பர்ல போட்டோ எல்லாம் பாத்தோம், அந்த வாரம் பூரா ரூம்ல அதே பேச்சு. என் சேலரி கார்டுக்கும் என் பொண்டாட்டி பாஸ்புக்குக்கும் நடுவுல அந்த கையெழுத்து இன்னும் வந்து சேரல. ரிசர்வ் வங்கில யாராச்சும் இத படிச்சா, 2023-24ல இந்தியாவுக்கு வந்த 118.7 பில்லியன் டாலர்ல 19.2 சதம் எமிரேட்ஸ்ல இருந்து வந்ததுன்னு கணக்கு போட்டு போட்டது நீங்க தான், அந்த 19.2ல என் 400ம் இருக்குன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. இனிஷியல் வித்தியாசத்துக்காக பாவப்பட்டவன் காச திருப்பி அனுப்பக் கூடாதுன்னு பேங்க்குகளுக்கு ஒரு வரி சுற்றறிக்கை போட்டா போதும்.

முதலாளிமாரே, இனி உங்ககிட்ட கேக்குறத நேரா கேட்டுர்றேன். 500 திர்ஹத்துக்கு கீழ அனுப்புறவனுக்கு சார்ஜ் 5 திர்ஹத்துக்கு மேல வேணாம், 1,000 வரைக்கும் 10, அதுக்கு மேல நீங்க வாங்குறத வாங்கிக்கோங்க. நஷ்டம்னு சொல்லாதீங்க, ஸ்பெஷல் ரேட் குடுக்க முடியுற கடைக்கு இது முடியும். 2024ல ஏத்துன அந்த ரெண்டர திர்ஹத்த கவுண்டருக்கு வர்ற சேலரி கார்டுக்காரனுக்கு எடுத்து விடுங்க, ஆப் வேணாம்னு அவன் சொல்லல, உங்க ஆப் தான் அவன வேணாங்குது. அந்த கார்ட ஆப் எடுக்குற மாதிரி பண்ணுங்க, தமிழ சேருங்க.

போர்டுல ரேட் மட்டும் போடாதீங்க. இன்னைக்கு டாலர் கணக்குப்படி திர்ஹம் எவ்வளவு, நாங்க தர்றது எவ்வளவு, 400 குடுத்தா சார்ஜ் போக ஊர்ல எத்தன ரூபா விழும்னு மூணையும் பெருசா எழுதுங்க. ஸ்லிப்லயும் அதே மாதிரி.

காசு திரும்பி வந்தா குடுத்த திர்ஹம் அப்படியே திரும்ப வரணும், 900 குடுத்தா 900. தப்பு உங்க டைப்பிங்லயோ ஃபார்ம்லயோ இருந்தா சார்ஜும் சேத்து. மூணு நாளுக்கு மேல தொங்குனா நீங்களே போன் பண்ணி சொல்லணும், நாங்க டாக்ஸி புடிச்சு வந்து கேக்குற மாதிரி வைக்காதீங்க. ஃபார்ம்ல லாஸ்ட் நேம் எடத்துல ஒத்த எழுத்த ஏத்துக்குற மாதிரி கம்ப்யூட்டர மாத்துங்க, பாஸ்புக்ல எப்படி இருக்கோ அப்படியே அடிக்க சொல்லி புதுசா வர்ற பையனுக்கு சொல்லி குடுங்க.

கேம்ப் பக்கம் உள்ள கவுண்டர 5ஆம் தேதில இருந்து 10ஆம் தேதி வரைக்கும், அப்புறம் 20, 21லயும் ராத்திரி பதினொன்னு வரைக்கும் தொறந்து வைங்க, எங்க பஸ் வர்றதே எட்டர மணிக்கு.

இதுல எது முடியும் எது முடியாதுன்னு சொல்லுங்க, முடியாததுக்கு காரணத்தையும் சொல்லுங்க. எங்க யாருக்கும் ஈமெயில் எல்லாம் கெடையாது. ஒரு தாள்ல தமிழ்ல எழுதி கவுண்டர் கண்ணாடில ஒட்டிருங்க, வரிசைல நிக்கிறப்ப படிச்சுக்குறோம்.

இப்படிக்கு,
சோனாப்பூர் கேம்ப்ல இருந்து ஒரு டக்ட் வேலைக்காரன்